ஆசிய-பசிபிக் பாதுகாப்பும் கிருஷ்ணகிரித் தொழிற்பகுதியும்

ஆசிய-பசிபிக் பாதுகாப்பு என்றதும் செய்தித்தாள் படிப்பவர் மனத்தில் தோன்றுபவை தென்சீனக் கடலில் உரசிக்கொள்ளும் ரோந்துக் கப்பல்கள், தைவான் நீரிணையைச் சுற்றி நடக்கும் போர்ப் பயிற்சிகள், வடகொரியாவின் ஏவுகணைகள், மலபார் கூட்டுப் பயிற்சியில் அணிவகுக்கும் கடற்படைகள். கடற்காற்று எட்டாத, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூரில் இதைப் பேசுவானேன் என்று கேட்கலாம். என் பதில் இதுதான். ஒருவர் தவிர்க்க முடியாத ஒரு பொருளை அவருக்கு விற்கக்கூடிய ஒரே ஆளாக இருப்பது, ஆசிய-பசிபிக் வட்டாரத்தில் இன்று ஓயாமல் பயன்படும் ஆயுதமாகிவிட்டது. அந்த ஆயுதம் படைமுகாமில் வெடிப்பதில்லை. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் உள்ள உற்பத்திக்கூடங்களில்தான் முதலில் உறைக்கிறது. ஆகவே இந்தியா இந்த வட்டாரத்தில் நடத்தும் ராஜதந்திரத்தை எத்தனை கூட்டறிக்கைகளில் கையெழுத்திட்டது என்று அளப்பதைவிட, எத்தனை பொருள்களுக்கு இரண்டாவது வாசலைத் திறந்தது என்று அளப்பதே சரி. அந்த இரண்டாவது வாசலைக் கட்டப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிடிக்கும், அதைக் கட்டும் இடம் நம்முடைய மாவட்டங்களைப் போன்ற இடங்கள்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

2025 ஏப்ரல் 4 அன்று சீன வணிக அமைச்சகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம் ஆகிய ஏழு அருமண் தனிமங்களையும் அவை கலந்த காந்தங்களையும் ஏற்றுமதி செய்ய இனி உரிமம் வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு இரண்டு நாள் முன்பு அமெரிக்க அதிபர் டிரம்ப் அறிவித்த வரிகளுக்குப் பதிலடி அது. உரிமம் மறுக்கப்படும் என்று அறிவிப்பில் எங்கும் இல்லை. விண்ணப்பிக்க வேண்டும் என்று மட்டுமே இருந்தது. இந்தியாவிலிருந்து வாங்கும் நிறுவனமோ, இந்தக் காந்தம் ராணுவத் தளவாடத்தில் சேராது என்று இறுதிப் பயன்பாட்டுச் சான்று எழுதி, இந்திய அதிகாரிகளிடம் ஒப்புதல் பெற்று, டெல்லியிலுள்ள சீனத் தூதரகத்தின் முத்திரையும் வாங்கி, விற்பவர் வழியாகப் பெய்ஜிங்கிற்கு அனுப்ப வேண்டியிருந்தது. சில வாரங்களில் கையிருப்பு கரையத் தொடங்கியது. மின் ஸ்கூட்டரின் மோட்டாரில் சுழலும் நியோடிமியம் காந்தம், சூடேறும்போது தன் வலுவை இழக்காமல் இருக்கச் சிறிதளவு டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ சேர்க்கப்படுகிறது. வண்டியின் மொத்த விலையில் அந்தக் காந்தத்தின் பங்கு மிகச் சிறியது. ஆனால் அது வராவிட்டால் வண்டி வரிசையை விட்டு இறங்காது. டிவிஎஸ், பஜாஜ் போன்ற நிறுவனங்கள் உற்பத்தி பாதிக்கப்படும் என்று அந்தக் கோடையிலேயே வெளிப்படையாகக் கூறின. டிவிஎஸ், ஏத்தர் ஆகியவற்றின் ஆலைகள் ஓசூரில் இருக்கின்றன. ஓலாவின் பெரிய ஆலை பர்கூருக்குத் தெற்கே போச்சம்பள்ளியில் இருக்கிறது. நாட்டின் மின் இருசக்கர வண்டித் தொழிலில் பெரும்பகுதி இந்த ஒரு மாவட்டத்துக்குள் அடங்கிக் கிடக்கும்போது, பெய்ஜிங்கின் ஓர் அறிவிப்பு இங்குள்ள ஷிஃப்ட் கணக்கை மாற்றுகிறது.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உரிமம் தேவைப்பட்டது காந்தத்துக்குத்தான். காந்தம் பொருத்திய முழு மோட்டாருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே மோட்டாரையே முழுதாக இறக்குமதி செய்துவிடலாம் என்ற யோசனை தொழில்துறையில் எழுந்தது. அப்படிச் செய்தால் வண்டி ஓடும். ஆனால் காந்தத்தைப் பொருத்தி, கம்பி சுற்றி, மோட்டாரைச் சோதித்து முடிக்கும் வேலை இங்கிருந்து கிளம்பிப்போய்விடும். சிறிய உதிரிபாகப் பட்டறைகள் பல உயிர்வாழ்வது அந்த வேலையை நம்பித்தான். கட்டுப்பாட்டை வகுத்தவர்கள் இந்த விளைவை மனத்தில் கொண்டுதான் வகுத்தார்கள் என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். விளைவு அதுவாக இருந்தது என்பது மட்டும் உறுதி. எந்தப் படியில் கதவை அடைத்தால் அடுத்தவரின் தொழில் மேலே ஏறாமல் கீழேயே நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும் வசதி, எல்லாப் படிகளையும் தன் கையில் வைத்திருப்பவருக்கு எப்போதும் உண்டு. அதே 2025இல் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலைகளிலிருந்து சீனப் பொறியாளர்கள் நூற்றுக்கணக்கில் திரும்ப அழைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. மும்பை-அகமதாபாத் அதிவேக ரயிலுக்காக ஒரு ஜெர்மன் நிறுவனம் சீனாவில் தயாரித்த சுரங்கம் தோண்டும் இயந்திரங்களும் கிளம்பாமல் நின்றன. பொருள், இயந்திரம், அவற்றை இயக்கத் தெரிந்த ஆள் ஆகிய மூன்றுமே தடுத்து நிறுத்தக்கூடியவை என்பது அந்த ஓராண்டிலேயே தெரிந்துவிட்டது.

இது ஏதோ புதிய நோய் போலப் பேசுகிறோம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இதை அனுபவித்த நாடு ஒன்று உண்டு. 2010 செப்டம்பர் 7 அன்று சென்காகு தீவுகளுக்கு அருகே ஒரு சீன மீன்பிடிப் படகு ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்களில் மோதியது. ஜப்பான் அதன் தலைவனைக் கைது செய்தது. சில நாள்களில் ஜப்பானுக்கு வரவேண்டிய அருமண் சரக்குகள் சீனத் துறைமுகங்களில் தேங்கின. தடை எதையும் விதிக்கவில்லை என்றே சீன அரசு சொல்லிவந்தது. செப்டம்பர் 24 அன்று படகுத் தலைவனை விடுவிப்பதாக ஜப்பான் அறிவித்தது. அப்போது ஜப்பான் தன் அருமண் தேவையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்குச் சீனாவை நம்பியிருந்தது. தீவுகளின் மேல் உரிமை யாருடையது என்ற பழைய வழக்கு, கார் ஆலைகளின் கிடங்கில் போய் நின்ற முதல் சம்பவம் அது.

அதற்குப் பிறகு ஜப்பான் என்ன செய்தது என்பதுதான் நமக்குப் பாடம். அது கூச்சலிடவில்லை, சீனாவுடன் வணிகத்தை முறித்துக்கொள்ளவும் இல்லை. சில வாரங்களுக்குள் 10,000 கோடி யென் அளவில் ஒரு துணை நிதிநிலைத் திட்டத்தை ஒதுக்கியது. 2011இல் சோஜிட்ஸ் என்ற வணிக நிறுவனமும் ஜோக்மெக் என்ற அரசு அமைப்பும் சேர்ந்து ஆஸ்திரேலியாவின் லைனஸ் நிறுவனத்தில் 25 கோடி டாலர் போட்டன. லைனஸின் சுரங்கம் மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டில், சுத்திகரிப்பு ஆலை மலேசியாவின் குவாந்தான் அருகே கெபெங்கில். 2012இல் அமெரிக்காவோடும் ஐரோப்பிய ஒன்றியத்தோடும் சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் ஜப்பான் வழக்குத் தொடுத்தது. 2014இல் தீர்ப்பு சீனாவுக்கு எதிராக வந்தது, மறு ஆண்டே சீனா ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறையைக் கைவிட்டது. ஜப்பானின் ஆய்வுக்கூடங்கள் டிஸ்ப்ரோசியத்தின் அளவைக் குறைக்க உழைத்தன. 2016இல் ஹோண்டாவும் டைடோ ஸ்டீலும் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற கன அருமண் தனிமங்களே இல்லாத காந்தத்தைக் கலப்பின காரின் மோட்டாரில் பயன்படுத்துவதாக அறிவித்தன. இடையில் அருமண் விலை சரிந்து லைனஸ் முழுகும் நிலைக்குப் போனபோதும் ஜப்பான் கடன் தவணையைத் தள்ளிவைத்து அதைத் தாங்கிப் பிடித்தது. இவ்வளவும் செய்த பிறகு சீனாவை நம்பியிருக்கும் அளவு சுமார் 60 விழுக்காட்டுக்குக் குறைந்தது. பத்தாண்டுக்கு மேற்பட்ட விடாமுயற்சிக்குக் கிடைத்த பலன் இவ்வளவுதான். குறைவு என்று சிலருக்குத் தோன்றும். ஆனால் 90க்கும் 60க்கும் இடையேயான அந்த இடைவெளிதான் ஒரு நாடு மறுத்துப் பேசக் கிடைக்கும் இடம்.

சீனா இந்த இடத்தை எப்படிப் பிடித்தது? மண்ணில் தாது இருந்ததால் மட்டும் அல்ல. நியோடிமியம் காந்தத்தை 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆய்வாளர்களும் தனித்தனியாகக் கண்டுபிடித்தனர். ஜெனரல் மோட்டார்ஸ் அதற்கென மேக்னிகுவென்ச் என்ற பிரிவைத் தொடங்கியது. 1995இல் அந்தப் பிரிவு சீன நிறுவனங்களும் பங்குகொண்ட ஒரு கூட்டுக்கு விற்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் இண்டியானா மாநிலத்தில் இருந்த அதன் ஆலைகள் மூடப்பட்டு, உற்பத்தி சீனாவுக்குப் போனது. அன்று அமெரிக்காவில் அதை ஒரு சாதாரண வணிகப் பரிவர்த்தனையாகவே பார்த்தார்கள். இன்று உலகின் அருமண் சுத்திகரிப்பிலும் காந்த உற்பத்தியிலும் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சீனாவில் நடக்கிறது. பர்கூர், ஜெகதேவி பக்கம் கிரானைட் தொழில் தெரிந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பாறை நம் மண்ணில் கிடந்தாலும், வெட்டி மெருகேற்றிப் பலகையாக்கும் இடத்தில்தான் பெரும்பணம் நிற்கிறது. அருமண்ணில் இந்த விதி இன்னும் கடுமையானது. பாறையையாவது அப்படியே கப்பலேற்றி விற்கலாம். பிரித்தெடுக்காத அருமண் தாது மோட்டார் செய்பவருக்கு எந்தப் பயனும் தராது.

நம் பங்குக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லாமல் சீனாவைக் குறைகூறுவது நேர்மையாகாது. ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909இல் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அருமண் தாதுவான மோனசைட்டைக் கண்டார். வாயு விளக்கின் வலைத்திரிக்குத் தேவையான தோரியம் அதிலிருந்து கிடைத்ததால், அன்றைய திருவிதாங்கூர்க் கரையின் மணலுக்கு உலகெங்கும் கிராக்கி இருந்தது. விடுதலைக்குப் பின் அணு ஆற்றலின் முக்கியத்துவம் உணர்ந்து இந்திய அரசு மோனசைட் ஏற்றுமதியைத் தடுத்தது. 1950இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் (ஐஆர்இஎல்) நிறுவனம் தொடங்கப்பட்டது. 1951இல் உணவுத் தட்டுப்பாட்டில் தவித்த இந்தியா அமெரிக்காவிடம் கோதுமை கேட்டபோது, அமெரிக்க நாடாளுமன்றத்தில் பலர் அதற்கு ஈடாக மோனசைட்டைக் கேட்டார்கள். பஞ்ச காலத்திலும் நேரு அந்தத் தடையை விலக்க இசையவில்லை. நாமும் ஒருகாலத்தில் ஒரு கனிமத்தின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வல்லரசிடம் முடியாது என்று சொன்னவர்கள். அதைச் சரி என்றே நான் இன்றும் கருதுகிறேன். அதனால்தான், பெய்ஜிங்கின் உரிம ஆணையைக் கண்டு அறச்சீற்றம் கொள்வதில் எனக்கு ஈடுபாடு இல்லை. சாவி இருப்பவர் பூட்டுவார். நம்மிடம் மணல் இருந்தும், தொடக்க காலத்திலேயே அரசு நிறுவனம் இருந்தும், காந்தம் செய்யும் திறனை வளர்க்காமல் எழுபது ஆண்டுகளை ஏன் விட்டோம் என்ற கேள்விதான் உறுத்துகிறது. விசாகப்பட்டினத்தில் 2023இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட ஐஆர்இஎல் காந்த ஆலையின் ஆண்டுத் திறன் 3,000 கிலோ. அதுவும் சமாரியம்-கோபால்ட் வகை. மின் வண்டிகளுக்கு வேண்டிய வகை வேறு.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். இதெல்லாம் வணிகம், பாதுகாப்பு என்பது எல்லையில் உயிரைக் கொடுப்பது என்பார்கள். 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வானில் சீனப் படையினருடன் மோதி உயிர்நீத்த 20 பேரில் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் ஒருவர். அந்தத் தியாகத்தின் முன் மோட்டார் கணக்கை வைப்பது சிறுமை என்று யாரேனும் சொன்னால், அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் கல்வானுக்குப் பின் நடந்தவற்றை வரிசையாகப் பாருங்கள். சீனச் செயலிகளுக்குத் தடை வந்தது. கல்வானுக்கு இரண்டு மாதம் முன்பே வந்திருந்த, எல்லை நாடுகளின் முதலீட்டுக்கு முன்னனுமதி என்ற விதி மேலும் இறுகியது. ஆயினும் சீனாவிலிருந்து வரும் இறக்குமதி இந்த ஆண்டுகளில் ஏறிக்கொண்டே போனது. எல்லையில் துணிவாக நின்ற நாடு, கிடங்கில் எதிராளியின் தயவை எதிர்பார்த்தே இருந்தது. படைவீரன் முன்னால் நிற்க, அவன் பின்னால் இருக்கும் ட்ரோனின் மோட்டாரும் ஏவுகணையின் வழிகாட்டும் கருவியும் அருமண் காந்தங்களில் ஓடுகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. கப்பலும் ஏவுகணையும் தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2016 ஜூலையில் ஹேக் நடுவர் தீர்ப்பாயம் தென்சீனக் கடல் வழக்கில் பிலிப்பைன்ஸ் பக்கம் தீர்ப்பளித்தும் சீனா அதை ஏற்கவில்லை. அந்தப் பிலிப்பைன்ஸுக்கு நாம் 2022இல் ஒப்பந்தம் போட்டு 2024 ஏப்ரலில் பிரமோஸ் ஏவுகணைகளை அனுப்பியது சரியான முடிவு. சட்டம் மட்டும் காவல் நிற்காது என்று தெரிந்த சிறு நாட்டுக்குத் துணை நிற்பது அது. என் வாதம், அந்தத் தெளிவில் பாதியளவாவது காந்தத்துக்கும் மின்கலத்துக்கும் காட்டியிருக்க வேண்டும் என்பது.

இன்னொரு மறுப்பு, சீனாவோடு பேசிச் சரிசெய்துகொண்டால் போதுமே என்பது. பேச வேண்டும், ஐயமில்லை. 2024 அக்டோபரில் லடாக் ரோந்து குறித்து உடன்பாடு கண்டதும், கசானில் மோடியும் சி ஜின்பிங்கும் சந்தித்ததும் நல்லவையே. 2025 ஆகஸ்டில் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யி டெல்லி வந்தபோது உரம், அருமண், சுரங்கம் தோண்டும் இயந்திரம் ஆகிய மூன்றிலும் இந்தியாவின் தேவையைக் கவனிப்பதாகச் சீனா உறுதி சொன்னதாக இந்தியத் தரப்பு தெரிவித்தது. உறுதி கிடைத்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் உரமும் காந்தமும் வெளியுறவு அமைச்சர்களின் சந்திப்பில் கேட்டுப் பெறும் பொருளாகிவிட்டன என்பதே நிலைமையின் தீவிரத்தைக் காட்டுகிறது. இரண்டு மாதத்தில், அக்டோபர் 9 அன்று, சீனா மேலும் ஐந்து தனிமங்களைப் பட்டியலில் சேர்த்தது. சீனத் தாது சிறிதளவு கலந்த பொருளை வேறொரு நாடு மூன்றாம் நாட்டுக்கு விற்பதற்கும் தன் அனுமதி வேண்டும் என்றது. அக்டோபர் 30 அன்று பூசானில் டிரம்பும் சி ஜின்பிங்கும் சந்தித்த பின் அந்தப் புதிய விதிகள் 2026 நவம்பர் 10 வரை நிறுத்திவைக்கப்பட்டன. ஏப்ரல் மாதக் கட்டுப்பாடு மட்டும் அப்படியே நீடித்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஆலைகளின் மூலப்பொருளைத் தீர்மானித்த அந்தச் சந்திப்பில் இந்தியாவுக்கு நாற்காலி இல்லை.

அப்படியானால் அமெரிக்காவின் பக்கம் முழுமையாகச் சாய்ந்துவிடலாமா? அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியாவோடு இந்தியா சேர்ந்த நாற்கரக் கூட்டமைப்பான குவாட் 2017 நவம்பரில் மணிலாவில் மீண்டும் உயிர்பெற்றது. 2021இல் தலைவர்கள் நிலைக்கு உயர்ந்தது. 2025 ஜூலை 1 அன்று அதன் வெளியுறவு அமைச்சர்கள் முக்கியக் கனிமங்களுக்கான ஒரு முன்முயற்சியை அறிவித்தார்கள். எட்டே வாரத்தில், ஆகஸ்ட் 27 அன்று, இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 விழுக்காடானது. திருப்பூரும் ஆம்பூரும் அதில் பட்ட அடி நமக்குத் தெரியும். கனிமத்தில் கூட்டாளி, ஆடையில் எதிராளி என்ற இந்த நிலைமையைக் கண்டு, கூட்டணியே வேண்டாம் என்று சொல்வோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஒற்றைச் சாய்வு எந்தப் பக்கம் இருந்தாலும் அது இன்னொரு ஒற்றை வாசல் என்பதே இதன் பொருள். ஜப்பான், ஆஸ்திரேலியா, தென்கொரியா, வியட்நாம், இந்தோனேசியா, மலேசியா ஆகிய நடுத்தர வலிமை கொண்ட நாடுகளோடு தனித்தனியாகப் பொருள்வாரியாகச் செய்யும் உடன்பாடுகளில் பளபளப்பு குறைவு, உழைப்பு அதிகம். ஆனால் நிலைப்பவை அவைதான். ஐஆர்இஎல்லும் ஜப்பானின் டொயோட்டா சுஷோவும் 2012 முதல் செய்துவந்த ஏற்பாட்டின்படி நம் அருமண் ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்தது. நெருக்கடி வந்ததும் அந்த ஏற்றுமதியை நிறுத்திவைக்க அரசு விரும்புவதாக 2025 ஜூனில் செய்தி வந்தது. நிறுத்துவதைவிட, தாதுவைக் கொடுத்துக் காந்தம் செய்யும் தொழில்நுட்பத்தை இங்கு கொண்டுவரச் செய்யும் பேரமாக அதை மாற்றுவதே அறிவுடைமை. நட்பு நாட்டிடம் நாமே கதவை அடைத்தால், நாளை நமக்காக யார் திறப்பார்?

தைவானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தைப் பொறுத்தவரை அது ஒரு சம்பளக் கணக்கு. போச்சம்பள்ளிப் பக்கம் காலணி ஆலை நடத்தும் ஃபெங் டே குழுமம் தைவானைச் சேர்ந்தது. கிருஷ்ணகிரி குருபரப்பள்ளியில் ஆலை வைத்திருக்கும் டெல்டா எலக்ட்ரானிக்ஸ் தைவான் நிறுவனம். ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் கைபேசிக்கான பாகங்களைச் செய்கிறது. எல்லைக்கு அப்பால் கோலார் நரசாபுராவில் அதே குழுமம் 2023இல் வாங்கிய ஆலை, முன்பு தைவானின் விஸ்ட்ரான் நடத்தியது. இந்த ஆலைகளில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் இளம்பெண்கள். கிராமத்து வீடுகளில் முதன்முதலாக மாதச் சம்பளம் கொண்டுவந்தவர்கள் பலர். 2022 ஆகஸ்டில் அமெரிக்க சபாநாயகர் நான்சி பெலோசி தைப்பே சென்று வந்ததும் சீனப் படைகள் தீவைச் சுற்றி வளைத்துப் பயிற்சி நடத்தின. அதன் பிறகு அத்தகைய பயிற்சிகள் வழக்கமாகிவிட்டன. அந்த நீரிணையில் உண்மையிலேயே முற்றுகை வந்தால் என்ன ஆகும் என்று இந்த மாவட்டம் கேட்க வேண்டும். சிப்பு வராது, அச்சு வராது, ஆர்டர் எடுக்கும் தலைமையகம் வேலை செய்யாது. இந்தியா தைவானோடு முறையான தூதரக உறவு வைத்திருக்கவில்லை. 1995 முதல் இருதரப்பிலும் பிரதிநிதி அலுவலகங்கள் இயங்குகின்றன, சென்னையிலும் தைப்பே பொருளாதாரப் பண்பாட்டு மையம் 2012 முதல் உண்டு. இந்த ஏற்பாட்டை ஆரவாரமில்லாமல் அகலப்படுத்துவதும், நீரிணையின் அமைதியை நம் நலன் என்று தயங்காமல் சொல்வதும் யாரையும் சீண்டுவதாகாது. இந்தியாவின் வணிகத்தில் பாதிக்கு மேல் தென்சீனக் கடலையும் மலாக்கா நீரிணையையும் கடந்து போகிறது என்று வெளியுறவு அமைச்சகமே சொல்லிவந்திருக்கிறது. சொந்த நலனைச் சொல்வதற்குக் கூச்சம் எதற்கு?

மிகக் கடினமான மறுப்பு வெளிநாட்டிலிருந்து வரவில்லை, கன்னியாகுமரியிலிருந்து வருகிறது. கிள்ளியூர் வட்டத்தில் சுமார் 1,144 ஹெக்டேரில் மோனசைட் உள்ளிட்ட கனிமங்களை எடுக்க ஐஆர்இஎல் முன்வைத்த திட்டத்தை மீனவ ஊர்கள் எதிர்க்கின்றன. தென்மாவட்டக் கரைகளில் தாது மணல் அள்ளப்பட்ட விதத்தைக் கண்டு 2013இல் தமிழ்நாடு அரசே அதை நிறுத்த வேண்டி வந்தது. அந்த மக்களின் அவநம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. மலேசியாவிலும் கெபெங் ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராட்டம் நடந்தது. சீனாவுக்குக் கன அருமண் தாதுவை அனுப்பும் மியான்மரின் கச்சின் மலைகளில் அமிலக் குழிகளால் ஓடைகள் நாசமாகியுள்ளன. அங்கே ஆயுதக் குழுக்கள் சுரங்கத்துக்காகவே சண்டையிடுகின்றன. நாட்டின் பாதுகாப்புக்காக ஒரு கரை அழியலாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கெலவரப்பள்ளி அணையில் நுரை மிதக்கும் தென்பெண்ணையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாவட்டத்துக்கு, பக்கத்து மாநிலத்துப் பெருநகரின் கழிவை வாங்கிக்கொள்வது என்றால் என்னவென்று தெரியும். இன்னொரு உண்மையும் இங்கே பொருந்துகிறது. நம் மோனசைட்டில் நியோடிமியம் உண்டு, டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் பயனுள்ள அளவில் இல்லை. ஆகவே கிள்ளியூரைத் தோண்டினால் எல்லாச் சிக்கலும் தீரும் என்பது கணக்குப்படியும் தவறு. ஏற்கெனவே எடுத்துவரும் தாதுவை முழுமையாகப் பிரிப்பதும், பழைய மோட்டார்களிலிருந்து காந்தத்தை மீட்பதும், வேண்டாத இடத்தில் காந்தத்தையே தவிர்ப்பதும் முதல் வேலைகள். புதிய சுரங்கம் வேண்டுமானால், கிராமசபை நம்பும்படியான கதிரியக்க அளவீடும் இழப்பீடும் வந்த பிறகுதான்.

அந்த வேலைகளில் சில இங்கேயே தொடங்கிவிட்டன. 2025 அக்டோபரில் ஓலா தான் வடிவமைத்த, அருமண் இல்லாத ஃபெரைட் மோட்டாருக்கு ஒரகடத்திலுள்ள வாகன ஆய்வு மையத்தின் சான்றைப் பெற்றது. ஃபெரைட் காந்தம் வலுவில் குறைந்தது. அதே இழுவைக்கு மோட்டார் கனக்கும், வடிவமைப்பு சிக்கலாகும். இருந்தும் நகரத்து ஸ்கூட்டருக்கு அது போதும் என்று நிரூபணமானால், பெய்ஜிங்கின் உரிமச் சீட்டுக்கு அந்த அளவில் மதிப்புப் போய்விடும். மத்திய அரசு 2025 நவம்பர் 26 அன்று 7,280 கோடி ரூபாயில் ஆண்டுக்கு 6,000 டன் காந்த உற்பத்திக்கான திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதற்கு முன் செப்டம்பரில் முக்கியக் கனிமங்களை மறுசுழற்சி செய்ய 1,500 கோடி ஒதுக்கப்பட்டது. இந்தத் தொகைகள் ஆலை கட்ட உதவும். கட்டிய ஆலை நிலைக்க வேறொன்று தேவை. சீனா விலையைத் தாழ்த்தினால் புதிய உற்பத்தியாளர் ஓராண்டில் மூடிவிடுவார். 2010களில் லைனஸ் அந்த விளிம்புக்குப் போய் வந்தது. அமெரிக்கா இதைப் புரிந்துகொண்டு 2025 ஜூலையில் எம்பி மெட்டீரியல்ஸ் நிறுவனத்துக்கு ஒரு கிலோவுக்கு 110 டாலர் என்று பத்தாண்டுக்கு அடிவிலை உறுதி கொடுத்தது. நெல்லுக்கும் கரும்புக்கும் ஆதரவு விலை கொடுத்துப் பழகிய நமக்கு இந்தக் கருத்து அந்நியமானதல்ல. இந்தியக் காந்தத்துக்கு ஓர் அடிவிலை, ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் உள்ள ஆலைகள் தங்கள் தேவையில் ஒரு பங்கை அதனிடமே வாங்க நீண்டகால ஒப்பந்தம் ஆகிய இரண்டும் இல்லாமல் 7,280 கோடி வீணாகும் என்றே நான் அஞ்சுகிறேன்.

வெளியுறவு மத்தியப் பட்டியலில் இருக்கிறது, மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் இதில் என்ன வேலை என்று கடைசியாகக் கேட்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது டெல்லிதான். ஆனால் எந்தப் பொருள் எத்தனை நாளுக்குக் கையிருப்பு இருக்கிறது, எந்த உதிரிபாகத்துக்கு உலகில் ஒரே ஒரு விற்பவர் இருக்கிறார் என்ற விவரம் டெல்லியில் இல்லை. அது ஓசூர்ப் பட்டறைகளின் கொள்முதல் பதிவேட்டில் இருக்கிறது. 2025இல் அரசுக்குத் தொழில்துறை சொல்லித்தான் தட்டுப்பாட்டின் அளவே தெரிந்தது. ஜப்பான், கொரியா, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் துணைத் தூதரகங்கள் சென்னையில் இருக்கின்றன. மாநில முதல்வர்கள் முதலீடு தேடி டோக்கியோ போய்வருகிறார்கள். அந்தப் பயணங்களில் ஆலையைக் கேட்கிறோம். அருமண்ணைப் பிரித்துக் காந்தம் செய்யும் நுட்பத்தையும் அதைக் கற்ற ஆள்களையும் கேட்பதில்லை. பர்கூரில் 1994 முதல் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அருமண் பிரித்தெடுப்பு, காந்தம் சுட்டுத் தயாரித்தல், பழைய மோட்டாரைப் பிரித்து மீட்டல் ஆகியவற்றை ஜப்பானியக் கூட்டாளியோடு சேர்ந்து கற்பிக்கும் ஓர் ஆய்வகத்தை இங்கே வைக்க மாநில அரசு கேட்க வேண்டும். ஒற்றை விற்பனையாளரை நம்பியிருக்கும் பொருள்களின் பட்டியலை சிப்காட்டும் சிறுதொழில் சங்கங்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தயாரித்து வெளியுறவு அமைச்சகத்துக்கும் கனிம அமைச்சகத்துக்கும் அனுப்ப வேண்டும். பூசானில் கிடைத்த அவகாசம் 2026 நவம்பர் 10 அன்று முடிகிறது. அதற்குள் முதல் பட்டியலாவது டெல்லிக்குப் போய்ச் சேர வேண்டும்.